மெய்நிகர்த் தலையணிகளின் வன்பொருள் மேம்பாடு குறித்த ஊகங்கள்: ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

மெய்நிகர்த் தலையணிகளின் அடுத்த தலைமுறையில் எவ்வகை வன்பொருள் மேம்பாடுகள் இடம்பெறும் என்பது குறித்த ஊகங்கள் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. அவற்றுள் எவை பலிக்கின்றன, எவை பலிப்பதில்லை, அதற்குக் காரணம் யாது என்பதை 2016ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஒரு முன்கணிப்பை அளவுகோலாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. கைப்பேசி, ஒளிப்படக்கருவி முதலிய பிற தொழில்களுக்கும் தேவைப்படும் உறுப்புகள் தலையணிக்கு வந்து சேர்கின்றன. தலையணிக்கு மட்டுமே தேவைப்படுபவை ஆய்வகத்திலேயே தங்கிவிடுகின்றன என்பது இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மெய்நிகர்த் தலையணி, வன்பொருள், ஊகம், அனுமானம், பார்வைப்புலம், விழி ஏற்பமைவு, கண்மணித் தொலைவு.

முன்னுரை

பேச்சு வழக்கில் விஆர் ஹெட்செட் என வழங்கப்படும் மெய்நிகர்த் தலையணி, இரு கண்களுக்கும் முன்னால் இரு திரைகளையும் இரு வில்லைகளையும் நிறுத்தி, தலை திரும்பும் திசைக்கேற்பக் காட்சியை மாற்றித் தரும் கருவியாகும். 1968இல் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய தலையணிக் காட்சிக்கருவி கூரையிலிருந்து தொங்கும் இயந்திரக் கையோடு பிணைக்கப்பட்டிருந்தது. இன்றைய கருவிகள் கம்பியின்றித் தலையிலேயே அமர்ந்துவிடுகின்றன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வளர்ச்சி ஒரே சீராக நிகழவில்லை. இருப்பினும், அடுத்து வரவிருக்கும் கருவியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வளர்ச்சி நேர்கோட்டில் செல்வதாகவே கொள்கின்றனர். படப்புள்ளிகள் கூடும், எடை குறையும், பார்வைப்புலம் விரியும், விலையும் இறங்கும் என்பது அவர்தம் எதிர்பார்ப்பு.

இவ்வெதிர்பார்ப்பு வெறும் பொழுதுபோக்கு அன்று. ஒரு கருவியை இப்போது வாங்குவதா, அடுத்த தலைமுறைக்காகக் காத்திருப்பதா என்னும் முடிவைத் தனிமனிதர் மட்டுமன்றி மருத்துவப் பயிற்சி நிலையங்களும் பொறியியல் கல்லூரிகளும் ஊகங்களை நம்பியே எடுக்க நேர்கிறது. மேலும், எந்த மேம்பாடு பேசப்படுகிறதோ அதுவே மேம்பாடு எனக் கருதப்படும் நிலையும் உண்டு. பேசப்படாத ஓர் உறுப்பு நீக்கப்பட்டாலும் அது இழப்பாக எண்ணப்படுவதில்லை. ஆகவே ஊகங்களை எவ்வாறு எடைபோடுவது என்பது தனியே ஆராயத்தக்கதாகிறது.

ஊகமும் அனுமானமும்

வெளிவராத கருவியைப் பற்றிய செய்திகள் சில வழிகளிலேயே கிடைக்கின்றன. காப்புரிமை விண்ணப்பங்கள், மென்பொருள் கோப்புகளில் தங்கிவிட்ட குறிப்புகள், உறுப்புகளை வழங்கும் ஆலைகளைப் பற்றிய சந்தைச் செய்திகள், வானொலி அலை ஒழுங்குமுறை அமைப்புகளிடம் அளிக்கப்படும் ஆவணங்கள், ஆய்வாளர்களின் மாநாட்டு உரைகள் ஆகியன அவை. இவையனைத்தும் ‘கசிவு’ என்னும் ஒரே பெயரால் குறிக்கப்படினும் இவற்றின் சான்று மதிப்பு ஒன்றன்று.

இவ்வேறுபாட்டை விளக்கத் தமிழ் அளவையியலில் பொருத்தமான பாகுபாடு உள்ளது. மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் அளவைவாதி அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பகுக்கிறான். காட்டில் யானையின் ஒலியைக் கேட்டு அங்கே யானை உண்டு என உணர்வது பொது. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேற்புறத்தே மழை பெய்தது என உறுதி செய்வது எச்சம். கருக்கொண்ட முகிலைக் கண்டு மழை பெய்யும் எனக் கூறுவது முதல்.

காப்புரிமை விண்ணப்பம் காட்டில் கேட்கும் யானையின் ஒலி போன்றது. அக்கருத்து நிறுவனத்திற்குள் உலவுகிறது என்பதை மட்டுமே அது உணர்த்தும். யானை ஊருக்குள் வரும் என்பதற்கு அது சான்றாகாது. மென்பொருட் குறிப்பு எச்ச வகையைச் சார்ந்தது. 2021இல் வால்வ் நிறுவனத்தின் மென்பொருள் கோப்புகளில் ‘டெக்கார்ட்’ என்னும் புனைபெயர் கண்டறியப்பட்டபோது, அந்நிறுவனத்தில் ஒரு தலையணி உருவாகி வருகிறது என்னும் முடிவு சரியாகவே இருந்தது. ஆனால் ‘ஸ்டீம் ஃப்ரேம்’ என்னும் பெயரில் அத்தகைய கருவி அறிவிக்கப்பட்டது 2025 நவம்பரில்தான். மழை பெய்தது உண்மை. வெள்ளம் வந்து சேர நான்கு ஆண்டுகள் ஆயின. உறுப்பு உற்பத்தியைக் கண்டு பொருளை ஊகிப்பது முதல் வகையாகும். மூன்றனுள் இதுவே எதிர்காலத்தை நோக்கியது. ஆதலின் பிழைபடுவதற்கு மிகுதியும் இடம் தருவதும் இதுவே. முகில்கள் எல்லாம் பெய்வதில்லை. எனினும் எந்த முகில் பெய்யும் என்பதை ஓரளவு கணிக்க இயலும் என்பதைப் பின்வரும் வரலாறு காட்டுகிறது.

2016ஆம் ஆண்டின் முன்கணிப்பு

ஊகங்களைச் சோதிப்பதற்குத் தேதியிட்ட, எண்களோடு கூடிய முன்கணிப்பு தேவை. அத்தகைய ஒன்றை 2016 அக்டோபரில் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் நடைபெற்ற ஆக்குலஸ் மாநாட்டில் அந்நிறுவனத்தின் தலைமை அறிவியலாளர் மைக்கேல் அப்ராஷ் வழங்கினார். அவ்வாண்டு விற்பனைக்கு வந்த ஆக்குலஸ் ரிஃப்ட் கண்ணொன்றுக்கு 1080×1200 படப்புள்ளிகளைக் கொண்டிருந்தது. ஐந்து ஆண்டுகளில், அதாவது 2021க்குள், கண்ணொன்றுக்கு ஏறத்தாழ 4000×4000 படப்புள்ளிகள், 140 பாகைப் பார்வைப்புலம், பாகைக்கு 30 படப்புள்ளிகள் என்னும் கூர்மை, மாறும் குவியத் தொலைவு, விழி நகர்வைக் கண்டறிதல், கம்பியற்ற இணைப்பு, வெறுங்கைகளின் அசைவை அறிதல் ஆகியன வரும் என அவர் கணித்தார். துறையின் உள்ளிருந்து, ஆய்வகத்தின் நிலையை நேரில் அறிந்த ஒருவர் கூறியது இது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

2021 முடிவில் நுகர்வோரிடம் பெருமளவில் சென்றிருந்த கருவி, 2020இல் வெளிவந்த குவெஸ்ட் 2 ஆகும். அது கண்ணொன்றுக்கு 1832×1920 படப்புள்ளிகளைக் கொண்டது. பாகைக்கு ஏறத்தாழ 20 படப்புள்ளிகள். விழி நகர்வை அறியும் அமைப்பு அதில் இல்லை. பார்வைப்புலம் விரியவும் இல்லை. குவியத் தொலைவு மாறவும் இல்லை. ஆனால் கம்பி நீங்கியிருந்தது. வெறுங்கைகளை அது அறிந்தது. அறைச்சுவரில் உணரிகளைப் பொருத்தாமலேயே தன் இருப்பிடத்தைத் தன் படக்கருவிகளைக் கொண்டே கணித்தது.

பலித்தவற்றையும் பலிக்காதவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலனாகிறது. கம்பியற்ற இயக்கம், படக்கருவி வழி இருப்பிடம் அறிதல், கையசைவை அறிதல் ஆகிய மூன்றும் கைப்பேசிச் சில்லுகளாலும் கைப்பேசிப் படக்கருவிகளாலும் இயன்றவை. மாறும் குவியத் தொலைவையும் 140 பாகைப் பார்வைப்புலத்தையும் கைப்பேசித் தொழில் கேட்கவில்லை. உண்மையில் இத்துறையின் மறுபிறப்பே கைப்பேசியின் உபயம்தான். 2014இல் வெளியான ஆக்குலஸின் இரண்டாம் மேம்பாட்டாளர் கருவியைப் பிரித்துப் பார்த்தோர் அதனுள் சாம்சங் கேலக்ஸி நோட் 3 கைப்பேசியின் முன்பகுதித் திரையையே கண்டனர்.

பின்னர் வந்த மேம்பாடுகளும் இவ்வொழுங்கை மீறவில்லை. ஆப்பிள் விஷன் புரோ போன்ற விலையுயர்ந்த கருவிகளில் உள்ள மைக்ரோ ஓலெட் திரை, சிலிக்கான் தகட்டின் மேல் நேரடியாக உருவாக்கப்படுவது. இவ்வகைத் திரைகள் 2011 முதலே சோனி ஒளிப்படக்கருவிகளின் மின்னணு நோக்கிகளில் பயன்பட்டு வந்தன. அங்கே பழகிய தொழில்நுட்பமே பின்னர்ப் பெரிதாகித் தலையணிக்கு வந்தது. 2024இல் விஷன் புரோ இரு கண்களுக்குமாக 2.3 கோடிப் படப்புள்ளிகளோடு 3,499 டாலர் விலையில் வெளிவந்தது. 2025 அக்டோபரில் சாம்சங் கேலக்ஸி எக்ஸ்ஆர் கண்ணொன்றுக்கு 3552×3840 படப்புள்ளிகளை 1,799 டாலருக்குத் தந்தது. அப்ராஷ் கூறிய 4000×4000 என்னும் இலக்கை ஒன்பது ஆண்டுகள் கழித்துத் திரை ஏறத்தாழத் தொட்டுவிட்டது. அவர் கூறிய 140 பாகைப் பார்வைப்புலத்தை அக்கருவி எட்டவில்லை. கேலக்ஸி எக்ஸ்ஆரின் கிடைமட்டப் பார்வைப்புலம் 109 பாகைதான்.

கண் கேட்கும் கணக்கு

படப்புள்ளிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே செல்வது எங்கே நிறைவுறும் என்பதற்குக் கண் ஓர் எல்லையைத் தருகிறது. இயல்பான பார்வையுடைய கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியும். எனவே பாகைக்கு 60 படப்புள்ளிகள் இருப்பின் புள்ளிகள் தனித்தனியே தெரியா எனக் கொள்ளலாம். குவெஸ்ட் 3 தருவது பாகைக்கு 25. அதாவது, அதனை அணிந்தவர் கண்மருத்துவரின் எழுத்தட்டையில் கீழ்வரிசைகளைப் படிக்க இயலாத ஒருவரின் நிலையிலேயே இருக்கிறார்.

100 பாகைப் பார்வைப்புலம் முழுவதும் இக்கூர்மையை நிரப்புவதாயின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை 6000 படப்புள்ளிகள் வேண்டும். கண்ணொன்றுக்கு 3.6 கோடி; இரு கண்களுக்கும் 7.2 கோடி. நொடிக்கு 90 முறை காட்சியைப் புதுப்பித்தால் 648 கோடிப் படப்புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 24 பிட்கள் எனில் நொடிக்கு 155 கிகாபிட்டுக்கும் மேற்பட்ட தரவு திரைக்குள் பாய வேண்டும். தலையில் அணியத்தக்க எந்தச் சில்லும் இதனை வரைந்து தர இயலாது.

இவ்விடத்தில் கண்ணின் குறைபாடே கைகொடுக்கிறது. விழித்திரையின் மையக்குழி மட்டுமே முழுக்கூர்மையோடு பார்க்கிறது; அது காணும் பரப்பு இரண்டு பாகை அளவே. மையத்திலிருந்து 10 பாகை விலகினால் கூர்மை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. எனவே விழி எங்கே நோக்குகிறது என்பதைக் கண்டறிந்து, அவ்விடத்தை மட்டும் முழுத் தெளிவோடு வரைந்தால் போதும். 2023இல் வந்த பிளேஸ்டேஷன் விஆர்2 இம்முறையைக் கையாண்டது. ஸ்டீம் ஃப்ரேம் இதனை மேலும் ஒரு படி நகர்த்தியுள்ளது. கணினியிலிருந்து கம்பியின்றி அனுப்பப்படும் காட்சியிலேயே, நோக்கும் இடத்திற்கு மட்டும் உயர்தரத் தரவை அது ஒதுக்குகிறது. அக்கருவியின் திரை கண்ணொன்றுக்கு 2160×2160 படப்புள்ளிகள் கொண்ட எல்சிடி வகை. அதன் சில்லு கைப்பேசிகளில் உள்ள ஸ்னாப்டிராகன் 8 மூன்றாம் தலைமுறை. முன்னரே கூறிய ஒழுங்கு இங்கும் தொடர்வதைக் காணலாம்.

எனினும் விழி நகர்வை அறிவதால் குறைவது வரைவோனின் வேலையும் தரவின் அளவும் மட்டுமே. விழி எந்த மூலைக்கும் திரும்பலாம் ஆதலின் திரையில் படப்புள்ளிகள் எல்லா இடத்திலும் இருந்தே ஆகவேண்டும். இந்த நுட்பத்தை ஊகங்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

அகலமும் கூர்மையும் ஒன்றையொன்று விலை கேட்பவை என்பதற்கு மெட்டா நிறுவன ஆய்வகம் 2025இல் வெளிப்படுத்திய இரண்டு முன்மாதிரிகள் தெளிவான சான்று. ‘டிராமிசு’ என்னும் முன்மாதிரி பாகைக்கு 90 படப்புள்ளிகளைத் தந்தது. அதன் பார்வைப்புலமோ 33 பாகை மட்டுமே. ‘போபா 3’ என்னும் மற்றொன்று கிடைமட்டமாக 180 பாகை விரிந்தது. கூர்மை 30 படப்புள்ளிகள். ஒரே ஆய்வகம், ஒரே ஆண்டு, விற்பனை விலையைப் பற்றிய கவலையும் இல்லை. அவ்வாறிருந்தும் இரண்டும் ஒரே கருவியில் அமையவில்லை. இவ்விரு முன்மாதிரிகளின் சிறந்த எண்களை மட்டும் தொகுத்து, அடுத்த கருவியில் இரண்டும் ஒருங்கே வரும் என ஊகிப்பது வெவ்வேறு இரு யானைகளின் ஒலியைக் கேட்டு ஒரே யானை என முடிவு செய்வதை ஒக்கும்.

ஒளி இழப்பின் கணக்கு

முகத்திலிருந்து முன்தள்ளி நிற்கும் பருமனைக் குறைத்தது பான்கேக் வில்லையாகும். திரைக்கும் கண்ணுக்கும் இடையே ஒளி செல்ல வேண்டிய தொலைவை இரு பரப்புகளுக்கு இடையே முன்னும் பின்னுமாக மடித்துவிடுவது இதன் தத்துவம். விமானப் பயிற்சிக்கான பாவனைக் கருவிகளுக்காக 1960களிலேயே இவ்வமைப்பு உருவாக்கப்பட்டிருந்தும், தலையணிகளில் இது பரவலானது 2022க்குப் பின்னரே. இத்தாமதத்திற்குக் காரணம் ஒளி இழப்பு. ஒளி, பாதி எதிரொளிக்கும் ஆடியை ஒரு முறை ஊடுருவ வேண்டும். மறுமுறை அதிலேயே எதிரொளிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பாதி இழக்கப்படுவதால் எஞ்சுவது மிகச் சிறந்த நிலையிலும் கால் பங்கே.

இதனோடு மற்றோர் இழப்பும் சேர்கிறது. தலை திரும்பும்போது காட்சி கலங்காதிருக்க, ஒவ்வொரு படச்சட்டத்தின் காலத்திலும் சிறு பகுதிக்கு மட்டுமே திரை ஒளிர்கிறது. 90 ஹெர்ட்ஸில் ஒரு படச்சட்டம் 11.1 மில்லிநொடி, அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2.2 மில்லிநொடி மட்டும் ஒளிர்வதாகக் கொள்வோம். இரு இழப்புகளையும் பெருக்கினால் கண்ணுக்குச் சேர்வது இருபதில் ஒரு பங்கு. கண்ணுக்கு 100 நிட் ஒளிர்வு வேண்டுமாயின் திரை 2000 நிட் தர வேண்டும். 2022இல் மெட்டா காட்டிய ‘ஸ்டார்பர்ஸ்ட்’ முன்மாதிரி 20,000 நிட் ஒளிர்வை எட்டியது உண்மைதான். ஆனால் அதனைத் தலையில் அணிய இயலாது. கைப்பிடிகளால் பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

குவியத் தொலைவு என்னும் தீராச் சிக்கல்

பலிக்காத ஊகங்களுள் முதன்மையானது மாறும் குவியத் தொலைவு. இதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

இயற்கையில் ஒரு பொருளைப் பார்க்கும்போது கண்கள் இரண்டு செயல்களைச் செய்கின்றன. இரு விழிகளும் அப்பொருளை நோக்கி உட்பக்கமாகத் திரும்புகின்றன. விழிவில்லைகள் தம் வடிவை மாற்றி அத்தொலைவிற்குக் குவிகின்றன. முன்னது விழிக் குவிவு. பின்னது விழி ஏற்பமைவு. நரம்பு மண்டலத்தில் இவ்விரண்டும் இணைக்கப்பட்டுள்ளன. ஒன்று நிகழ்ந்தால் மற்றொன்றும் உடன் நிகழும்.

தலையணியில் இவ்விணைப்பு அறுபடுகிறது. வில்லைகள் திரையை ஒரே தொலைவில், ஏறத்தாழ ஒன்றரை மீட்டரில், இருப்பதாகக் காட்டுகின்றன. மெய்நிகர் உலகில் ஒரு நூலைக் கையிலெடுத்து 30 செ.மீ. தொலைவில் பிடித்தால் விழிகள் ஏறத்தாழ 12 பாகை அளவுக்கு உட்குவிய வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு வேண்டியது 2.4 பாகை மட்டுமே. விழிகள் 12 பாகைக்குக் குவிகின்றன. விழிவில்லை 3.3 டயாப்டருக்கு மாற முனைகிறது. ஆனால் ஒளியோ 0.67 டயாப்டரிலிருந்து வருகிறது. முனைந்தால் காட்சி மங்கும். முனையாவிடில் இணைப்பு முரண்படும். இம்முரண் பார்வைத் திறனைத் தடுப்பதோடு கண்சோர்வையும் விளைவிக்கிறது என்பதை 2008இல் ஹாஃப்மன், கிர்ஷிக், ஏக்லி, பேங்க்ஸ் ஆகியோர் தம் சோதனைகளால் நிறுவினர்.

நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களின் விழிவில்லை பெரும்பாலும் இறுகிவிட்டிருக்கும் ஆதலின் அவர்களுக்கு இம்முரண் குறைவாகவே இருக்கும். வெள்ளெழுத்து நன்மை தரும் இடம் இது ஒன்றுதான் போலும். இளம் வயதினர்க்கோ ஏற்பமைவு மிகுதி. ஆகவே முரணும் மிகுதி. கருவியைப் பெரிதும் பயன்படுத்துவோரும் அவர்களே.

தீர்வு ஆய்வகத்தில் உள்ளது. 2018இல் வெளிப்படுத்தப்பட்ட ‘ஹாஃப் டோம்’ முன்மாதிரி, பயனர் நோக்கும் பொருளின் தொலைவிற்கேற்பத் திரைகளை இயந்திர முறையில் நகர்த்தியது. 140 பாகைப் பார்வைப்புலமும் அதில் இருந்தது. 2019இல் வந்த மூன்றாம் வடிவம் நகரும் உறுப்புகளையே நீக்கிவிட்டது. ஆறு திரவப்படிக அடுக்குகளை மின்னழுத்தத்தால் மாற்றி, 64 குவியத் தளங்களை அது உருவாக்கியது. ஆறு அடுக்குகளுக்கும் இருநிலைகள் உண்டாதலின் இரண்டின் ஆறாம் அடுக்காகிய 64 கிடைக்கிறது. கோட்பாட்டளவில் மிக எளிய, அழகிய தீர்வு. எனினும் விஷன் புரோவிலோ கேலக்ஸி எக்ஸ்ஆரிலோ ஸ்டீம் ஃப்ரேமிலோ அது இல்லை.

இதற்குத் தொழில்நுட்ப இயலாமையை மட்டும் காரணமாகக் கூறுவது போதாது. குவியத்தை மாற்ற, விழி நகர்வைப் பிழையின்றி அறிய வேண்டும். திரவப்படிக அடுக்குகள் ஒவ்வொன்றும் சிறிது ஒளியைச் சிதறடிக்கும். எடையும் விலையும் கூடும். இவை உண்மையான தடைகள். ஆயினும் மைக்ரோ ஓலெட் திரைக்கும் ஒரு காலத்தில் இத்தகைய தடைகள் இருந்தன. வேறுபாடு யாதெனில், அதனை ஒளிப்படக்கருவித் தொழில் பல ஆண்டுகள் வளர்த்துக் கொடுத்தது. கண்ணுக்கு முன்னே நின்று குவியத்தை மாற்றும் திரவப்படிக அடுக்கு, பெருந்தொகையில் வேறு எந்தத் தொழிலுக்கும் தேவைப்படவில்லை. அதனைத் தலையணித் துறை தனியே சுமக்க வேண்டும். ஒரு கருவியின் விற்பனை அச்சுமையைத் தாங்கும் அளவிற்கு இல்லை. எனவே மாறும் குவியத் தொலைவு குறித்த ஊகத்தை மதிப்பிட விழைவோர் காப்புரிமைகளைக் காட்டிலும், வேறெந்தத் தொழில் அவ்வுறுப்பை வாங்கத் தொடங்கியுள்ளது என்பதையே நோக்க வேண்டும்.

எடையும் மின்கலமும்

குவெஸ்ட் 3இன் மின்கலம் 19.44 வாட்-மணி ஆற்றல் கொண்டது. அந்நிறுவனம் குறிப்பிடும் சராசரிப் பயன்பாட்டுக் காலம் 2.2 மணி நேரம். ஆகவே அக்கருவி சராசரியாக ஏறத்தாழ 9 வாட் மின்திறனை உண்கிறது. அத்தனையும் வெப்பமாக நெற்றிக்கு முன்னே வெளியேற வேண்டும். சில்லுகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை பெருமளவு மேம்படலாம். லித்தியம் மின்கலத்தின் ஆற்றல் செறிவு அவ்வேகத்தில் வளர்வதில்லை. சில்லின் திறன் இரட்டிப்பாகும் என்னும் ஊகம் பலித்தாலும், பயன்பாட்டுக் காலம் இரட்டிப்பாகும் என்னும் ஊகம் அதனைத் தொடர்ந்து பலிக்காமைக்கு இதுவே காரணம்.

ஆப்பிள் இச்சிக்கலைத் தீர்க்க மின்கலத்தை 353 கிராம் எடையுள்ள தனிப் பெட்டியாகச் சட்டைப்பைக்கு அனுப்பியது. அதன் பின்னும் விஷன் புரோ 600 முதல் 650 கிராம் எடை கொண்டிருந்தது. 2025 அக்டோபரில் எம்2 சில்லுக்கு மாற்றாக எம்5 சில்லுடன் அது புதுப்பிக்கப்பட்டபோது எடை குறையும் எனப் பலர் எதிர்பார்த்திருக்கலாம். நிகழ்ந்தது வேறு. முன்பக்கப் பாரத்தைச் சமன்செய்யும் பொருட்டுப் புதிய பட்டையின் பின்புறத்தில் டங்ஸ்டன் வைக்கப்பட்டதால் எடை 750 முதல் 800 கிராமாக உயர்ந்தது. கழுத்திற்குத் துன்பம் தருவது எடை மட்டுமன்று, அது எங்கே அமைகிறது என்பதும்தான் என்பதை அம்முடிவு ஒப்புக்கொள்கிறது. கணினிகளுக்கெனச் செய்யப்பட்ட சில்லு எளிதில் வந்து சேர்ந்தது. தலைக்கெனச் செய்ய வேண்டிய உடலமைப்பு மாறாது நின்றது.

கண்மணித் தொலைவு

ஊகங்களில் மிகக் குறைவாகப் பேசப்படும் உறுப்பு ஒன்று உண்டு. இரு வில்லைகளையும் அணிபவரின் கண்மணிகளுக்கு நேராக நகர்த்தும் சிறு பொறியமைப்பே அது. வயது வந்தோரின் கண்மணித் தொலைவு சராசரியாக 63 மி.மீ.; எனினும் 50க்கும் 75க்கும் இடையே அது பரந்து அமைகிறது. பெண்களின் சராசரி ஆண்களின் சராசரியினும் குறைவு. வில்லையின் மையமும் கண்மணியும் பொருந்தாவிடில் காட்சி மங்கும், கண் வலிக்கும், குமட்டலும் தோன்றும். தலையணியால் பெண்கள் மிகுதியாகக் குமட்டலுக்கு உள்ளாவது அவர்தம் உடலியல்பு என நெடுங்காலம் கருதப்பட்டது. 2020இல் கே ஸ்டேனியும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, அவ்வேறுபாட்டிற்கு முதன்மைக் காரணம் கருவியின் கண்மணித் தொலைவு அவர்களுக்குப் பொருந்தாமையே எனக் காட்டியது. குறை உடலில் இல்லை, கருவியில் இருந்தது.

இவ்வுறுப்பின் வரலாறு மேம்பாடு என்னும் சொல்லையே ஐயுற வைக்கிறது. 2016இன் ரிஃப்ட் கருவியில் வில்லைகளை நகர்த்தும் அமைப்பு இருந்தது. 2019இல் அதனைத் தொடர்ந்து வந்த ரிஃப்ட் எஸ் கூடுதல் படப்புள்ளிகளைக் கொண்டிருந்தது. வில்லைகளை நகர்த்தும் அமைப்போ நீக்கப்பட்டிருந்தது. ஆக்குலஸ் நிறுவனத்தைத் தொடங்கி, பின்னர் விலகிய பால்மர் லக்கி, ஏறத்தாழ 70 மி.மீ. கண்மணித் தொலைவு கொண்ட தம்மால் அக்கருவியைச் செவ்வனே பயன்படுத்த இயலவில்லை என வெளிப்படையாக எழுதினார். முதல் குவெஸ்ட் 58 முதல் 72 மி.மீ. வரை தொடர்ச்சியாக மாற்றத்தக்கதாக இருந்தது. குவெஸ்ட் 2இல் அது 58, 63, 68 என்னும் மூன்று நிலைகளாகச் சுருங்கியது. குவெஸ்ட் 3இல் சக்கரத்தைச் சுழற்றித் தொடர்ச்சியாக மாற்றும் வசதி மீண்டது. 2024இல் வந்த விலை குறைந்த குவெஸ்ட் 3எஸ்ஸில் மறுபடியும் அதே மூன்று நிலைகள். இத்தனைக்கும் அக்கருவியின் சில்லு குவெஸ்ட் 3இல் உள்ள அதே சில்லுதான். கைப்பேசியோடு பொதுவான உறுப்பு நிலைத்தது. தலையணிக்கு மட்டுமே உரிய உறுப்பு முதலில் வெட்டப்பட்டது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. 2023இல் வெளியான பிக்ஸ்கிரீன் பியாண்ட் ஒவ்வொருவரின் முகத்தையும் வருடி, அவருக்கென அளவெடுத்தே செய்யப்பட்டது. எடை 127 கிராம். சில்லையும் மின்கலத்தையும் கணினிப் பக்கம் தள்ளிவிட்டதால் அது இயன்றது. ஆனால் அளவெடுத்துச் செய்த கருவியை ஒரு வகுப்பறையில் முப்பது மாணவர் மாறி மாறி அணிய இயலாது. அவ்வாறு பகிர்ந்து பயன்படுத்தும் இடங்களுக்கு விலையின் காரணமாகச் செல்லக்கூடியது 2024இல் 299 டாலர் விலையில் வெளிவந்த குவெஸ்ட் 3எஸ் போன்ற கருவியே. 2023இல் மெட்டா தன் கருவிகளைப் பயன்படுத்துவதற்கான குறைந்த அளவு வயதை 13இலிருந்து 10ஆகக் குறைத்தது. சிறுவர்களின் கண்மணித் தொலைவு பெரியோரினும் குறைவு. அவர்தம் விழி ஏற்பமைவோ பெரியோரினும் மிகுதி. குவெஸ்ட் 3எஸ்ஸில் அவர்களுக்குக் கிடைப்பது 58 மி.மீ. என்னும் கடைசி நிலையும் மாறாத ஒரே குவியத் தொலைவுமாகும்.